மாப்பிள்ளை அழைப்பில் புகைந்த கார்

என் கணவர் சென்னையில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். விலையை விசாரித்தாரே தவிர, பராமரிக்க என்ன ஆகும் என்று விசாரிக்கவில்லை. "கிளட்ச் தேஞ்சிருக்குது சார், உடனே மாத்திடுங்க" என்றார் மெக்கானிக். அந்தச் செலவில் ஒரு சின்ன காரே வாங்கலாம் என்று தெரிந்ததும் இவர் தள்ளிப்போட்டார்.

என் தங்கை மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் கார்தான் வேண்டும் என்று இவரே அடம்பிடித்தார். பறப்பதற்கென்று செய்த வண்டியை, நாதஸ்வரத்துக்குப் பின்னால் சின்னக் காஞ்சிபுரத்துத் தெருக்களில் நடை வேகத்தில் ஊர்ந்துவர விட்டோம். மண்டபத்துக்குப் பாதி தூரத்தில் கிளட்ச் கருகிப் புகை கிளம்பியது. மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக இறங்கி நடந்தார்.

"பொண்ணு வூட்டுக்கு வர்றதுக்குள்ளயே புகைஞ்சிக்கினு நிக்குதே, என்னா ராசிமா இது!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

செலவழித்துச் சரிசெய்து காரை விற்றுவிட்டோம். மாப்பிள்ளை வீட்டில் மிக்ஸி புகைந்தாலும் இன்றைக்கும் என் தங்கை மகள் ராசிதான் காரணம். அதனால் அவர்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் நான் முதல் ஆளாகப் போய், "கெட்டது கிளட்ச்சுமா, எங்க பொண்ணு இல்ல" என்று எல்லார் காதிலும் விழச் சொல்கிறேன். என் கணவர் உள்ளே வருவதில்லை. வாசலில் நிற்கும் கார்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்.