தர்மக் கார்

ஒரு சனிக்கிழமை காலை கதவைத் திறந்தால், வாசற்படியில் ஓர் அரிசிப் பை இருந்தது. அதன்மேல் இரண்டு டின் மீன், ஒரு பைக்கற் பருப்பு. வீடு மாறி வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஒக்லாந்தின் மனுரேவாவில் எங்கள் தெரு வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் உரிமை கோரவில்லை. என் மனைவி ரெஜினா பையைப் பிரித்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். சிவப்புப் புழுங்கல். “இது எங்கட ஆக்கள் வைச்ச அரிசி” என்று தீர்ப்புச் சொன்னாள். சரி, எங்கள் ஆட்கள் எதற்காக எங்களுக்கு அரிசி வைக்க வேண்டும்? அதைச் சொல்வதற்கு நான் நியூசிலாந்தின் வரிச் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். பயப்படாதீர்கள், எனக்கே கொஞ்சம்தான் தெரியும்.

நான் ஓர் அட்டைப்பெட்டி ஆலையில் பெட்டிகளை மடித்து அடுக்குகிறவன். ரெஜினா அப்போது பாட்டனி டவுன்ஸில் ஒரு கொம்பனி நடத்தும் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருந்தாள். எங்களிடம் இருந்தது ஒரேயொரு கார். காரை நான் கொண்டுபோனால் அவள் பஸ் மாறிப் பஸ் ஏறி, நனைந்த கோழியாக வேலைக்குப் போய்ச் சேருவாள். ஒக்லாந்து மழை மன்னார் மழையைப் போலக் கொட்டிவிட்டு ஓயாது. கடன்காரனைப் போல வாசலிலேயே நிற்கும். காரை அவள் கொண்டுபோனால் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அந்த வருடம் நாங்கள் பிடித்த சண்டைகள் எல்லாமே அந்தக் காரில்தான் போய் முடிந்தன.

அந்த நேரம் பார்த்து மெல்பேர்னில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ரெஜினாவின் தம்பி போன் எடுத்தான்.

“அத்தான், உங்களுக்கு அங்க சலரி பக்கேஜிங் இருக்கோ?”

“விடிஞ்சாப் பொழுதுபட்டா எனக்குப் பெட்டி பக்கேஜிங்தானே வேலை.”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினான். சம்பளத்தில் ஒரு பகுதியைக் காசாக எடுக்காமல் வேறு விதமாக எடுக்கலாமாம். அதனால் வரியில் ஆதாயமாம். அவனுடைய ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் உண்டாம். “அக்காவையும் வேலையில கேக்கச் சொல்லுங்கோ.”

ரெஜினா கேட்டாள். மேலாளர் கையை விரித்தார். “நாங்கள் கொம்பனி. உனக்கு ஒரு கார் தந்தால், தந்ததற்காக நாங்கள் அரசாங்கத்துக்குத் தனியாக வரி கட்ட வேண்டும். தர்ம நிறுவனம் என்றால் அந்த வரி இல்லை.” மெல்பேர்ன் கதை இங்கே செல்லாது, அரசாங்க ஆஸ்பத்திரிக்குக்கூட இந்நாட்டில் அந்தச் சலுகை கிடையாது என்றும் சொன்னாராம். ஒரு முதியவருக்குக் கஞ்சி பருக்குகிற வேலை எங்கும் ஒன்றுதான். ஆனால் பருக்கச் சொன்னவர் யார் என்பதைப் பொறுத்து, பருக்கியவள் காரில் வருவாள் அல்லது பஸ்ஸில் வருவாள்.

ரெஜினா விடவில்லை. ஏவன்டேலில் ஒரு தர்ம நிறுவனம், முதியவர்களின் வீடுகளுக்கே போய்ப் பார்க்க ஆள் தேடியது. நேர்முகத்துக்கு நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். பொறுப்பாளர் ஜில் என்னையும் உள்ளே அழைத்துத் தேநீர் தந்தார். என் மனதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

“தர்மம் என்றால், சம்பளம்?”

“தர்மம் செய்வது நாங்கள். உங்கள் மனைவி எங்கள் வேலையாள்” என்றார் ஜில். “சம்பளத்தில் ஒரு பகுதி காராக வரும். வார இறுதியில் நீங்கள் கடற்கரைக்கும் கொண்டுபோகலாம்.”

“கடற்கரைக்குப் போவதும் தர்மத்தில் சேருமா?”

நல்ல பகிடி என்று அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். நான் உண்மையாகவே கேட்டேன்.

கார் வந்தது. சின்ன வெள்ளைக் கார். இரண்டு பக்கக் கதவுகளிலும் ஒன்றையொன்று பற்றிய இரு கைகளின் படம். அதன் கீழே ‘உதவி உங்கள் வாசலில்’ என்று பெரிய ஆங்கில எழுத்து. அந்த உதவி இரவும் பகலும் எங்கள் வாசலில் நின்றது. சில வாரங்களில், மாதா கோவிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது ஆட்கள் என் கையைப் பிடித்தால் விடச் சற்று நேரமெடுத்தார்கள். ஒருவர் ஆலையில் ஆட்குறைப்போ என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அரிசியோடுதான் உறைத்தது.

விசாரித்ததில், வைத்தது பிலோமினா அக்கா என்று தெரிந்தது. எங்கள் ஊர்க்காரி, அடுத்த தெருவில் இருக்கிறார். நேரே போய்க் கேட்டேன்.

“அக்கா, அது ரெஜினாவின்ர வேலைக் கார்.”

“ஓம் தம்பி. வெக்கப்படாதையும். நாங்களும் வந்த புதுசில உதவி எடுத்தனாங்கள்தான்.”

“இல்லையக்கா, கொம்பனி கார் குடுத்தா அதுக்கு வரி. தர்ம நிறுவனம் குடுத்தா வரியில்லை. அதாலதான்...”

“தர்மத்தில வந்த கார் எண்டுதானே நானும் சொல்லுறன்.”

தோற்றுப்போய்த் திரும்பினேன். கதவில் இருக்கும் படத்தைக் கழற்றி ஒட்டுகிற மாதிரிச் செய்யலாமா என்று ஜில்லிடம் கேட்கும்படி ரெஜினாவிடம் சொன்னேன். ரெஜினா சட்டியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்: “எனக்கு வெக்கமா இருந்தது மழைக்குள்ள பஸ்ஸுக்கு நிண்டதுதான். இது இல்லை.” நான் போய் அரிசிப் பையைத் தூக்கிவந்து கொடுத்தேன். அந்த அரிசியில்தான் அன்று சோறு. நல்ல அரிசி.

இப்படியிருக்க, போன மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு அந்தக் காரில் சாய்ந்து நின்று ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். அனுப்பும்போது நான் யோசிக்காதது ஒன்று உண்டு. கதவில் படம் ஒட்டிய வெள்ளை வாகனம் என்றால் எங்கள் ஊரில் அதற்கு வேறு அர்த்தம். போரில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் தொண்டு நிறுவனங்களின் அப்படியான வாகனங்கள் புழுதி கிளப்பிக்கொண்டு வரும். கழுத்தில் அட்டை தொங்க இறங்குகிறவர்கள் எங்கள் தலைகளை எண்ணுவார்கள். நாங்கள் நிவாரண அட்டையோடு வெயிலில் வரிசையில் நிற்போம். அந்த வாகனங்களில் சாய்ந்து நிற்க எங்களில் எவருக்கும் துணிவு வந்ததில்லை.

படம் போய்ச் சேர்ந்த வாரமே ஊரிலிருந்து அண்ணன் போன் எடுத்தார். நான் முற்றத்தில் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

“நீ பெரிய என்.ஜி.ஓ.வில சேர்ந்திட்டாயாம். ஊரெல்லாம் அதுதான் கதை. எங்கட ஒழுங்கையில இருக்கிற சனத்துக்கு ஒரு குழாய்க்கிணறு போட்டுத் தரச் சொல்லிக் கேக்கினம்.”

“அண்ணை, நான் பெட்டி மடிக்கிறவன்.”

“பதவியில இருக்கிறவை அப்பிடித்தான் சொல்லுவினம்.”

நான் கார் துடைக்கும் துணியைப் பிழியும்போது தெருவோரம் ஒரு கார் வந்து நின்றது. பிலோமினா அக்கா இறங்கி, பின்கதவைத் திறந்து, பெரிய பூசணிக்காய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். “வேண்டாமெண்டு சொல்லாதையும் தம்பி, தோட்டத்தில காய்ச்சது” என்று ஈரம் காயாத என் கையில் வைத்தார். “கிணத்துக்கு எப்ப ஆளை அனுப்புவாய்?” என்று காதுக்குள் அண்ணன் கேட்டார். தோளில் போனை இடுக்கியபடி, பூசணிக்காயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ஒரே “ஓம்” சொன்னேன்.