போட்டைக் கேட்டேன், ஆளைக் கேட்கவில்லை

ஆண்டவரை நம்பி வாழ்கிற உங்கள் எல்லோருக்கும் என் அன்பு. என் பெயர் எஸ்தர். சாட்சி சொல்ல எழுவதென்றாலே எனக்குத் தயக்கம்தான். காரணம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே சபையில் எழுந்து நின்று, நடக்காத ஒன்றுக்காகக் கண்ணீரோடு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தவள் நான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. எங்களுக்குக் குழந்தை இல்லை. இங்கே பூனாவில், வானவடியில் ஒரு ரூம், ஒரு கிச்சன். பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் கவுண்டரில் எனக்கு வேலை. அப்பா இங்கே வெடிமருந்து ஃபாக்டரியில் ரிட்டையர் ஆனதும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் செல்வராஜ் தூத்துக்குடிக்காரர். பம்பாயில் ஆபீஸ் வைத்திருந்த ஓர் இழுவைக் கப்பல் கம்பெனியில் ஃபிட்டர்.

கடலே இல்லாத பூனாவில் இந்த வேலையை யாருக்கும் விளக்கி மாளாது. கப்பல் என்றதும், "ஃபாரின் சோப்பு, சென்ட்டெல்லாம் வருமே!" என்பார்கள். எங்கே வருகிறது! டீசல் நாற்றத்தோடு அழுக்குத் துணி மூட்டைதான் வரும். அவர் போவது டக் போட். பார்க்கச் சின்னது, இழுக்கும் பலம் பெரியது. எஞ்சின் செத்துப்போன கப்பலை இழுத்து வரும். தரைதட்டியதை மீட்கும். நடுக்கடலில் எண்ணெய் எடுக்கிற இடங்களுக்குச் சாமானும் ஆட்களும் கொண்டுபோகும். போனால் மாதக்கணக்கில் வீடு கிடையாது. தனியாகச் சமைத்து, தனியாகத் தின்று, சுவரோடு பேசுவேன். உண்மையாகவே பேசுவேன், சிரிக்காதீர்கள்.

இந்த வேலைக்காரர்களின் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. ஆபீசுக்குப் போன் செய்தால் ஆளைக் கேட்க மாட்டோம், போட்டைக் கேட்போம். ஆபீசில் இருப்பவருக்கு அத்தனை பேர் பெயரும் எங்கே தெரியப்போகிறது? போட்டின் பெயர் தெரியும். போட் எங்கேயோ அங்கே நம் ஆள். எனக்கு இது எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்றால், ஜெபத்தில்கூட போட்டின் பெயரைச் சொல்லித்தான், "ஆண்டவரே, பத்திரமாகக் கொண்டுவாரும்" என்று கேட்பேன்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் எண்ணெய் வயல் பக்கம் நிற்கிற பார்ஜ்களையெல்லாம் கரைக்கு இழுத்து வந்துவிட வேண்டும். பார்ஜ் என்றால் எஞ்சின் இல்லாத தட்டையான பெரிய மிதவை. கிரேனும் இரும்புக் குழாயும் ஏற்றியிருக்கும். அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. அவருடைய போட் ஒரு பார்ஜை இழுத்து வருகிற வழியில் கடல் பொங்கிவிட்டது, தகவல் இல்லை என்று ஆபீசிலிருந்து லேபுக்குப் போன் வந்தது. ரத்தம் எடுத்த ட்யூபைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். டாக்டரம்மா வந்து கையிலிருந்து வாங்கி வைத்தார்.

சனிக்கிழமை மாலை எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆபீசுக்குப் போன் போட்டேன். வழக்கம்போல போட்டின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். "சேஃப் ஹை மேடம். போட் ஹார்பர் வந்தாச்சு, அதுல இருந்த எல்லாரும் சேஃப்" என்றார் கிளார்க். பூத்துக்குள்ளேயே அழுதுவிட்டேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் கண்ணாடியைத் தட்டித் திட்டினார்கள். திட்டட்டுமே!

மறுநாள் சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். கைதட்டினார்கள், பாடினார்கள். ஒருவர் கேசரி கிண்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தார்.

திங்கட்கிழமை அவர் குரலைக் கேட்கலாமென்று மறுபடி போன் செய்தேன். அந்த போட்டில் வேலை செய்கிற நம் ஊர்ப் பையன் ஒருவன் ஆபீசில் இருந்தான். போனை வாங்கினான்.

"என்னப்பா, அண்ணன் எங்க? கூப்பிடு."

"அக்கா... அண்ணன் போட்ல இல்லக்கா. பம்பு பாக்க ஆளு வேணும்னு கெளம்பையில பார்ஜ்ல ஏத்துனாங்க. இழுவைக் கம்பி அறுந்துபோயி, எங்க ப்ரொப்பல்லர்லயே சுத்திக்கிச்சு. எங்களயே வேற போட்தான் இழுத்துட்டு வந்துச்சு. பார்ஜ் எங்க போச்சுன்னு தெரியல."

போட் வந்துவிட்டது. ஆள் வரவில்லை. நான் கேட்டது போட்டை.

அதற்குப் பிறகு இரண்டு நாள் இதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மராத்தியும் இந்தியும் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இதைச் சொல்ல எந்த மொழியிலும் வாய் வரவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். பஸ்ஸில் இடித்துக்கொண்டு நின்றவர்கள் நடுவிலும் தனியாகத்தான் நின்றேன். வழியில் பார்த்த சபைக்காரர் ஒருவர், "என்ன சிஸ்டர், எப்ப வர்றாரு?" என்றார். "வருவாரு" என்று சொல்லிவிட்டு நடந்தேன். வீட்டில் கேசரி அப்படியே இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரிடம் சண்டை போட்டேன். "நன்றியை வாங்கி வச்சுக்கிட்டீரே, ஆளு எங்கேய்யா?" என்று கேட்டேன். ஜெபம் வரவில்லை, கோபம்தான் வந்தது. கோபமும் தீர்ந்த பிறகு ஒன்றுமே வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

புதன்கிழமை ஜெபக்கூட்டம். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீட்டுக்குள் இன்னொரு சாயங்காலம் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. போனேன். விண்ணப்பங்கள் கேட்டபோது எழுந்தேன்.

"ஞாயித்துக்கிழமை நான் சொன்னது உண்மையில்ல. வந்தது போட்டுதான். எங்க வீட்டுக்காரர் அதுல இல்ல. அவரக் காணும்."

பாஸ்டர் மெதுவாக, "நீங்க விசுவாசத்துல சொன்னீங்க சிஸ்டர்" என்றார்.

"இல்ல பாஸ்டர். தப்பாக் கேட்டுட்டு வந்து சொன்னேன்" என்றேன். வெடுக்கென்றுதான் சொன்னேன். என் சுபாவம் அப்படி.

கிரேஸ் அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். அவர் வீட்டுக்காரருக்கு ஊருக்கு வெளியே ரஞ்சன்காவ் ஃபாக்டரியில் ஷிஃப்ட் வேலை. பாட்டு ஆரம்பித்தால் அக்கா எல்லோரையும் முந்திக்கொண்டு பாடுவார். அதனாலேயே எனக்கு அவரைக் கண்டால் ஆகாது. அந்த அக்கா எழுந்து, தன் நாற்காலியைத் தரையில் கரகரவென்று இழுத்துக்கொண்டு வந்து என்னை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். நான் உடைந்துபோனேன். அன்றுதான் முதல் தடவையாக போட்டை விட்டுவிட்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, செல்வராஜ். பார்ஜ்ல இருக்கார்." இதற்குமேல் எனக்கு ஜெபம் தெரியவில்லை. சபை முழுவதும் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்தது.

அக்கா அன்றைக்கு என்னோடு வீட்டுக்கே வந்துவிட்டார். "ஒனக்கு ஒண்ணும் ஆறுதல் சொல்லத் தெரியாது எனக்கு. ரசம் வைக்கத் தெரியும்" என்றார். கேசரியைக் கொட்டினார், பாத்திரம் தேய்த்தார், ரசம் வைத்தார். என் பக்கத்திலேயே படுத்து அப்படி ஒரு குறட்டை! அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே நான் தூங்கிப்போனேன்.

வெள்ளிக்கிழமை லேபுக்குப் போன் வந்தது. "மில் கயா மேடம்!" என்றார் அதே கிளார்க். கிடைத்துவிட்டதாம்.

"எது கிடைத்தது? பார்ஜா, ஆளா? பெயர் சொல்லுங்கள்" என்று இந்தியில் கத்தினேன். கவுண்டரில் நின்ற நோயாளிகள் பயந்துபோய்ப் பார்த்தார்கள். "அவரைக் கொடுங்கள். குரலைக் கேட்காமல் நம்ப மாட்டேன்."

"எஸ்தரு, நாந்தாம்ளா."

கவுண்டரிலேயே அழுதுவிட்டேன். "அழாத. உப்புத் தண்ணி பட்டு வாயெல்லாம் வெந்து கெடக்கு, ரொம்பப் பேச முடியல. நாளைக்கு வாரேன்" என்றார்.

பார்ஜை இழுக்கும்போது அதன் பின்பக்கம் ஒரு நீளக் கயிற்றை முனையில் மிதவை கட்டி மிதக்க விடுவார்கள். கம்பி அறுந்தால் வேறு போட் அதைப் பொறுக்கி எடுத்து இழுக்கலாம். இவர்களுடைய கயிறு பார்ஜின் ஓரத்தில் சிக்கிக் கிடந்திருக்கிறது. அலை அடிக்க அடிக்க இவரும் கூட இருந்தவர்களும் ஊர்ந்து போய் அதை விடுவித்து விட்டிருக்கிறார்கள். கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த வேறொரு கம்பெனியின் டக் போட் அந்த மிதவையைப் பார்த்துப் பிடித்து இழுத்து வந்தது. நாங்கள் ஜெபித்த அந்த நேரத்தில்தான் கயிறு விடுபட்டதா என்று பலர் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லி ஒரு தடவை பட்டது போதும்.

அவர் வீட்டுக்கு வந்து, கஞ்சி குடித்து, நன்றாகத் தூங்கி எழுந்தார். அடுத்த ஞாயிறு சாட்சியில் சொல்ல வேண்டுமே என்று, "அங்க என்ன ஜெபம் பண்ணுனீங்க? போட் வரணும்னுதானே?" என்று கேட்டேன்.

"மொதல்ல அப்பிடித்தான் கேட்டேன். பொறவு விட்டுட்டேன். அங்க நாலு ஆளு இருந்தோம், ஒருத்தனுக்கு ஒருத்தன் பேசிக்கிட்டுக் கெடந்தோம். நீ ஒத்தையில இருப்பியேன்னுதான் இருந்துச்சு. யாராவது ஒருத்தர் அவ பக்கத்துல போய் உக்காரணும் ஆண்டவரேன்னு கேட்டேன். அதத்தான் கேட்டுக்கிட்டே கெடந்தேன்" என்றார்.

சகோதர சகோதரிகளே, அவர் பிறகும் பல வருடம் கடலுக்குப் போனார். நான் இப்போது பெயர் சொல்லாமல் யாருக்காகவும் ஜெபிப்பதில்லை. ஆபீசுக்குப் போன் செய்கிற மற்ற வீட்டுப் பெண்களிடமும், "ஆளக் கேளும்மா, பேரச் சொல்லிக் கேளு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களில் யார் கதவைச் சாத்திக்கொண்டு எதைச் சுமக்கிறீர்களோ எனக்குத் தெரியாது. ஆண்டவரிடம் உள்ளபடியே சொல்லுங்கள், அவர் கேட்பார். ஆராதனை முடிந்ததும் யாராவது எதுவும் பேசாமல் தனியாகக் கிளம்பிப் போனால், தயவுசெய்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவருக்காக எங்கேயோ ஒருவர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்.