சமையலறைக்கு அடியில்

மலேசியாவின் ரெம்பாவில் நாங்கள் வாங்கிய வீடு, பழைய ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் இருந்த இடத்தில் கட்டியது. ஒரு நாள் சமையலறைத் தரை விரிசல் விட்டு, அடியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. குழாய் வெடித்திருக்கும், வீட்டுக் காப்புறுதி பார்த்துக்கொள்ளும் என்று நிம்மதியாக இருந்தேன். பாலிசியைப் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை.

சேதம் பார்க்க வந்த காப்புறுதிக்காரர் குழாய்களைச் சோதித்தார். எல்லாம் நன்றாகவே இருந்தன. பிறகு விரிசலுக்குள் ஒரு சிறு கல்லைப் போட்டார். சற்று நேரம் கழித்து, எங்கோ ஆழத்தில் 'தொபுக்'கென்றது.

"பைப்பு வெடிச்சா காப்புறுதி குடுக்கும் அண்ணே. மண்ணு எறங்குனா, அதுக்குத் தனியா எடுத்திருக்கணும் லா. நீங்க எடுக்கல."

தோட்டத்தில் பிறந்த என் மனைவி வெளிறிப்போனாள். "இது லயத்துக் கெணறுங்க. கெணத்த மூடுனா, அது மூச்சுவிட ஒரு பைப்பு வைப்பாங்க. குசினிய பெருசாக்குறப்ப தரையில நீட்டிக்கிட்டிருந்த ஒரு பைப்ப நாம வெட்டி சிமெண்ட் பூசுனோமே, அதுதான் இது. அப்ப எனக்குத் தோணலியே!"

அன்றே அந்தப் பைப்பின் வாயை மூடியிருந்த சிமெண்டை உடைத்தோம். குளிர்ந்த காற்று நீளமாக மேலே வந்து, என் முகத்தில் பட்டு, மறுபடி உள்ளே போனது.

இப்போது பாலிசியை வரிவரியாகப் படித்துவிட்டேன். வீட்டுக்கு என்னென்ன நேர்ந்தால் பணம் வரும் என்று அதில் இருக்கிறது. வீட்டுக்கு அடியில் யார் மூச்சுவிடுகிறார்கள் என்று இல்லை.