பன்னிரண்டு கூடைக் கயிறுகள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை ஓரிரண்டு நாள் விட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. நுவரெலியாவிலிருந்து வரும்போது ராகலைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு தேயிலைத் தோட்டத்து ரோட்டில் இது நடந்தது. அது எங்கள் தோட்டம் இல்லை. அங்கே எனக்கு யாரையும் தெரியாது. அதனால்தான் அந்த ரோட்டில் போனேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ராகலையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறேன். கடையின் சின்ன மோட்டார் சைக்கிளில் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான். சாதாரண தரம், அதாவது பதினோராம் ஆண்டு வரை படித்தவன். அப்போது எனக்கு வயது நாற்பத்தேழு. கூச்சம் என்றால் அப்படி ஒரு கூச்சம். பஸ்ஸில் என் இடம் வந்தால்கூட இறங்க வேண்டும் என்று சத்தமாகச் சொல்லமாட்டேன். வேறு யாராவது பெல் அடித்தால் அவர்களோடு இறங்கிக்கொள்வேன். இல்லாவிட்டால் அடுத்த ஹோல்ட்டில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். என் மனைவி இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

எங்கள் கடை வாசலால் அடிக்கடி பெரிய மோட்டார் சைக்கிள்கள் போகும். நுவரெலியா பக்கமிருந்து வந்து உடப்புசல்லாவைப் பக்கம் இறங்குவார்கள். இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் உயரமான கண்ணாடி, உடம்பெல்லாம் சேறு. ஒருநாள் அப்படி வந்த ஒருவர் பெட்டிக்கு ஒரு போல்ட் கேட்டுக் கடைக்குள் வந்தார். திருகோணமலையிலிருந்து வருகிறாராம். அவர் பெட்டியைத் திறந்தபோது உள்ளேயிருந்து கொஞ்சம் மணல் கொட்டியது. வெள்ளை மணல். அவர் போன பிறகு அதைக் கூட்டித் தள்ள மனம் வரவில்லை. சாயந்தரம் வரை அப்படியே விட்டிருந்தேன். அதுவரை நான் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, கொழும்பில், பஸ் ஜன்னல் வழியாக.

அன்றிலிருந்து அப்படி ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கடல் வரை போக வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. மகளும் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டாள். ஆனால் நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. ஒரு கொப்பி எடுத்து, அந்த மாதிரி மோட்டார் சைக்கிளில் என்னென்ன குறை என்று எழுத ஆரம்பித்தேன். நல்லதை எழுதவில்லை. நல்லது மனதுக்கே தெரியும்.

சீட் உயரம், கால் தரையில் முழுதாக எட்டாது. பாரம் அதிகம், விழுந்தால் ஒரு ஆளால் தூக்க முடியாது. பெட்டி இரண்டும் அகலம், எங்கள் ரோட்டில் எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. சாமான் கெட்டால் கொழும்பிலிருந்துதான் வர வேண்டும். எங்கள் லயத்து வீட்டுக்கு ரோட்டிலிருந்து பதினெட்டுப் படி இறங்க வேண்டும், அதனால் மேலே மழையில்தான் நிற்கும். இப்படி இரண்டு பக்கம் நிறைந்தது. கடைசியில் சின்ன எழுத்தில் ஒன்று எழுதினேன்: எல்லோரும் பார்ப்பார்கள்.

மனைவி அந்தக் கொப்பியை வாங்கிப் படித்துவிட்டு, "ஏணிய எழுதலையே. ஏணி வச்சாத்தான நான் அதுல ஏறுவேன்?" என்றாள்.

நுவரெலியாவில் ஒரு சிங்கள மனிதர் அப்படி ஒரு மோட்டார் சைக்கிளை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஹோட்டல் ஒன்றில் சமையல் வேலை. இரண்டு மூன்று வாரம் யோசித்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். நான் பயந்து பயந்து ஒவ்வொரு குறையாகக் கேட்க, அவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டினார். நான் எழுதாத இரண்டையும் அவராகவே சொன்னார். மெதுவாக ஓட்டினால் எஞ்சின் சூடு காலைச் சுடும், பள்ளத்துப் பக்கம் சாய்ந்தால் பிடிக்கவே முடியாது. ஏன் விற்கிறார் என்று கேட்டேன். முதுகு வலி என்றார்.

"ஒரு நாள் கொண்டு போய் ஓட்டிப் பாரு மல்லி. அப்புறம் சொல்லு," என்று சாவியைக் கையில் வைத்தார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. அடையாள அட்டையை நீட்டினேன். வாங்கவில்லை.

அப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு அதில் ஏறினேன். கந்தப்பளை தாண்டும் வரை எனக்குத் தரையில் இருக்கிற நினைவே இல்லை. பனிமூட்டம் ஒரு வளைவில் மூடும், அடுத்த வளைவில் விலகும். விலகும்போது மலை மலையாகத் தேயிலை. பிறந்ததிலிருந்து பார்க்கிற மலைதான். ஆனால் அன்றைக்கு அது எனக்காகத் திறப்பது போலிருந்தது.

ராகலை கிட்ட வந்ததும் கூச்சம் வந்துவிட்டது. டவுனுக்குள் போனால் கடை முதலாளி பார்ப்பார், தெரிந்தவர்கள் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். அதனால் பெரிய ரோட்டை விட்டு ஒரு தோட்டத்து ரோட்டில் திரும்பினேன். இரண்டு கட்டை, இரண்டு மைல் போனதும் ரோட்டில் பாதியைக் காணோம். மழையில் கீழே இறங்கியிருந்தது. திரும்பித்தான் ஆக வேண்டும்.

அந்தக் குறுகலான இடத்தில் முன்னும் பின்னுமாக உருட்டித் திருப்பப் பார்த்தேன். பள்ளத்துப் பக்கம் காலை ஊன்றினேன். ஊன்றினேன் என்று நினைத்தேன். கால் தரைக்கு எட்டவில்லை. அவ்வளவுதான். மோட்டார் சைக்கிள் மெதுவாக, ஒரு எருமை படுப்பதுபோல் சாய்ந்து, என்னையும் இழுத்துக்கொண்டு ரோட்டுக்குக் கீழே தேயிலைக்குள் போனது. எட்டடி இறங்கி, ஒரு பழைய தேயிலைத் தூரில் மோதி நின்றது. அந்தத் தூர் பிடிக்காவிட்டால் கீழே ஓடை வரை போயிருப்போம்.

என் இடது கால் அதன் அடியில். பெட்டி அகலம் என்று குறை எழுதினேன் இல்லையா, அந்தப் பெட்டிதான் தரையில் குத்தி நின்று, என் கால் நசுங்காமல் இடம் விட்டிருந்தது. ஆனால் காலை எடுக்க முடியவில்லை. பெற்றோல் வாசனை வந்தது. கையை நீட்டிச் சாவியை மட்டும் திருப்பி அணைத்தேன்.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு வெட்கமானது. கொஞ்ச நேரத்தில் மேலே ரோட்டில் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. பகல் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெறுங்கூடையோடு சாப்பிடப் போகிறார்கள். பேச்சும் சிரிப்புமாக என் தலைக்கு மேலேயே நடந்தார்கள். நான் கூப்பிடவில்லை. ஒரு வார்த்தை போதும். வாய் வரவில்லை. இந்தக் கோலத்தில் இத்தனை பேர் என்னைப் பார்ப்பார்களே என்று மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். அவர்கள் போய்விட்டால் என்ன செய்வேன் என்று யோசிக்கவே இல்லை.

அவர்களும் போயிருப்பார்கள். ஒரு அக்கா மட்டும் நின்றார். தேயிலைக்குள் ஏதோ பளபளக்கிறது என்று எட்டிப் பார்த்திருக்கிறார். மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடி.

"அடியே, இங்க ஒரு ஆளு கெடக்குது," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உசுரு இருக்கா தம்பி?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன்.

"அப்ப கூப்புட வேண்டியதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார்கள். நாலு பேர் குனிந்து பிடித்தார்கள். என் கால் வெளியே வந்தது. தோல்தான் உரிந்திருந்தது.

பின்னாலேயே வந்த கங்காணி, ஃபெக்டரிக்குச் சொல்லி ட்ராக்டர் எடுப்போம் என்றார். நானும் சரி என்றேன், இந்தக் கூட்டம் கலைந்தால் போதும் என்று. அந்த அக்கா ரோட்டையும் மோட்டார் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ட்ராக்டர் கட்டி இழுத்தா நம்ம செடி நாலு வேரோட வந்துரும். கயித்த அவுருங்கடி," என்றார்.

கொழுந்துக் கூடையில் ஒரு கயிறு இருக்குமே, தலையில் மாட்டுகிற கயிறு. பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு கூடை. எல்லாவற்றையும் கழற்றி, இரண்டிரண்டாகச் சேர்த்து முடிந்தார்கள். ஆறு நீளக் கயிறு. மோட்டார் சைக்கிளை நிமிர்த்தி, முன் சக்கரத்தை ரோட்டைப் பார்க்கத் திருப்பி, முன்னால் கம்பியில் ஆறையும் கட்டினார்கள். செடி குத்தாமல் இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குகளை அவிழ்த்து, சக்கரம் புதையாமல் சேற்றில் விரித்தார்கள். ரோட்டோரம் தண்ணீர் ஓடுகிற கானில் கல்லைப் போட்டு, அதன் மேலும் ஒன்றை மடித்து வைத்தார்கள். யாரும் யாருக்கும் வேலை சொல்லவில்லை. கண்ணாலேயே பிரித்துக்கொண்டார்கள். ஆறு பேர் மேலே ஏறி, மலையைப் பார்த்துத் திரும்பி நின்று, கயிற்றைத் தலையில் மாட்டினார்கள், தினமும் கூடையை மாட்டுகிற அதே இடத்தில். மற்ற ஆறு பேர் பின்னாலும் பக்கத்திலும் கை கொடுத்தார்கள். என்னை ஹேண்டிலைப் பிடிக்கச் சொன்னார்கள்.

"நாங்க நின்னா நீங்க பிரேக்க புடிங்க. நாங்க நடந்தா விடுங்க. அது மட்டும் ஒங்க வேல," என்றார் அந்த அக்கா.

பிறகு அவர் மெதுவாக, "பொலி," என்றார். மற்றவர்கள், "பொலியோ பொலி," என்றார்கள்.

காலையில் முதல் கொழுந்தைக் கிள்ளும்போது, விளைச்சல் பெருகட்டும் என்று சொல்கிற வார்த்தை அது. என் அம்மாவும் சொல்லியிருக்கிறார், என் மனைவியும் சொல்லியிருக்கிறாள். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு, ஒரு முன்பின் தெரியாத ஆளின், அவனுக்கே சொந்தமில்லாத மோட்டார் சைக்கிளுக்காக அதைச் சொன்னார்கள்.

ஆறு கயிறும் ஒரே நேரத்தில் இறுகின. ஒரு சத்தமும் இல்லை. ஆறு கழுத்துகள் குனிந்தன. அவ்வளவு பாரமும் தேயிலைக்குள்ளிருந்து ஒரு சாண் எழும்பியது. நின்றார்கள், நான் பிரேக்கைப் பிடித்தேன். கங்காணி ஓடிவந்து பின் சக்கரத்துக்குக் கல் வைத்தார். மறுபடி நடந்தார்கள். இன்னொரு சாண். கயிறு அழுந்துகிற அந்தத் தலைகளை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததே இல்லை. இடையில் ஒருத்தி தலையைத் திருப்பியபோது முன்வகிட்டில் முடி தேய்ந்த இடம் தெரிந்தது. வழியெல்லாம் ஒரு செடியின் கிளைகூட ஒடியவில்லை. கானைத் தாண்டி முன் சக்கரம் ரோட்டில் ஏறியபோது, ஒரு தேர் நிலைக்கு வந்ததுபோல் இருந்தது. பிரேக்கை விடச் சொல்லும் வரை நான் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அவர்களுக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. முடிச்சை அவிழ்த்து, கயிற்றைக் கூடையில் கட்டி, படங்கை உதறி இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் பாதி எனக்காகப் போய்விட்டது. ஒரு இளம் பெண் மட்டும், "அண்ணே, அடுத்த தடவ கால் எட்டுற குதிரையா பாருங்க," என்றாள். சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். நன்றி என்று நான் சொன்னது யார் காதிலாவது விழுந்ததா என்று தெரியாது.

நேராக நுவரெலியாவுக்குப் போய் அந்த மனிதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெற்றோல் டாங்கியில் இருந்த கீறலைப் பார்க்கவில்லை. முன் கம்பியில் சொருகியிருந்த ஒரு தேயிலைக் கொழுந்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கொழுந்து எடுக்குற அம்மாங்களா? தலையில கட்டியா இழுத்தாங்க?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். அப்புறம் சொன்னார்: "எனக்கும் ஒரு நாள் விழுந்தது மல்லி. வெலிமடை ரோட்ல. பக்கத்துல வீடு இருந்தது. வெக்கத்துல கூப்புடல்ல. தனியா தூக்கினேன். அன்னைக்குப் போனதுதான் இந்த முதுகு."

நான் ஒரு துணி எடுத்து மோட்டார் சைக்கிளிலிருந்த சேற்றைத் துடைக்க ஆரம்பித்தேன், அவரும் ஒரு துணி எடுத்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவள் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மருந்து போட்டாள். நான் வாங்கவில்லை என்று சொல்வேன் என்றுதான் நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அவளாகவே பேச்செடுத்தாள்.

"வேணும்னா வாங்குங்க. ஆனா விழுந்தா கத்தணும். கத்துவீங்களா?"

கத்துவேன் என்றேன். வாங்கினேன். சீட்டின் ஸ்பொஞ்சை வெட்டிக் கொஞ்சம் இறக்கியாகிவிட்டது. ஆனாலும் கொப்பியில் எழுதிய குறைகள் முக்கால்வாசி அப்படியேதான் இருக்கின்றன. பாரம் குறையவில்லை, ரோடு அகலமாகவில்லை, மழையில்தான் நிற்கிறது. மனைவி ஒரு கல்லின் மேல் ஏறி நின்றுதான் பின்னால் உட்காருகிறாள். போன சித்திரையில் திருகோணமலைக்குப் போனோம். அவள் முழங்கால் வரை கடலில் இறங்கி நின்று, நான் கூப்பிட்டும் ரொம்ப நேரம் கரைக்கு வரவில்லை.

வாங்கிய பிறகு இரண்டு தடவை சாய்ந்துவிட்டது. ஒரு தடவை கெப்பெட்டிபொலவில் காய்கறிச் சந்தைக்கு முன்னால், இன்னொரு தடவை கடற்கரை மணலில். இரண்டு தடவையும் கூப்பிட்டேன். முதல் தடவை குரல் கீச்சென்று வந்தது. இரண்டு தடவையும் ஆட்கள் ஓடி வந்தார்கள்.

நான் விழுந்த அடுத்த வாரமே அந்தத் தோட்டத்துப் பெண்களுக்குப் பேக்கரியில் ஒரு பெட்டி பணிஸ் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு மறுபடியும் என் வாயைப் பற்றித்தான் சிரித்தார்கள். இன்றைக்கும் கொழுந்துக்குப் போகிற பெண்கள் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டுவதைப் பார்த்தால் நான் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிடுகிறேன். இத்தனை வருடமாக அந்தக் கயிறுகளுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும், அவை எவ்வளவு பாரத்தை இழுக்கின்றன என்று கீழே விழுந்து பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.