என்னைவிட ஆறு நாள் இளையவன்

ஓய்வூதியம் என்றதும், மாலை மரியாதையோடு வேலையிலிருந்து இறங்கியவன் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். எனக்கு இருந்தவை இரண்டு துண்டு ஓய்வூதியங்கள். முதல் துண்டு, துறைமுகத்தை ஒட்டிய பொதுத்துறைக் கிடங்கு ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த காலத்தது. உள்ளே வந்த மூட்டைகளும் வெளியே போன மூட்டைகளும் ஒரே எண்ணிக்கைதான் என்று நம்பிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. எழுத்தாளனாகப் போகிறேன் என்று அதை விட்டேன். எழுத்து என்னை விட்ட பிறகு, மீன் பதப்படுத்தும் அரசு நிறுவனம் ஒன்றில் ஐஸ் கணக்கு பார்க்கச் சேர்ந்தேன். சில வருடங்களில் அதை அரசே இழுத்து மூடியது. அங்கே மிச்சமானது இரண்டாவது துண்டு.

வைப்பு நிதியை அப்போதைக்கப்போது வாங்கிச் சாப்பிட்டாயிற்று. ஓய்வூதியப் பங்கில் மட்டும் கை வைக்கவில்லை. கட்டுப்பாடு என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. மின்கட்டணம் கட்டப் போன இடத்தில், கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் பெண்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். இரண்டு வேலையும் தனித்தனியாகப் பத்து வருடத்தைத் தொடவில்லை. தனித்தனியே முடித்தால் ஒரு தொகை கையில் வரும், அத்தோடு கதை முடிந்தது. கிடங்குக் கணக்கை மீன் கணக்குக்கு மாற்றி ஒன்றாக்கினால் பத்து வருடம் தாண்டிவிடும். ஐம்பத்தெட்டு வயதிலிருந்து சாகும்வரை மாதாமாதம் ஏதோ கொஞ்சம் வரும்.

“சேத்தா சிறுகச் சிறுக வரும் அண்ணாச்சி. முடிச்சா மொத்தமா வரும். எது வேணும், யோசிச்சுச் சொல்லுங்க.”

நான் யோசிக்கவே இல்லை. மொத்தமாக வருவது, தங்கை இருக்கும் குளிர் தேசத்துக்கு விமான டிக்கெட் எடுக்கப் போதும் என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. போவதற்கு மட்டும்.

தங்கை அங்கே நர்ஸ். அம்மாவின் அடக்கத்துக்கு வந்திருந்தவள், திரும்பும்போது வாசலில் வாடகைக் காரை நிறுத்தி வைத்துக்கொண்டு, “தனியா இங்கன கிடந்து என்ன செய்யப்போற? அங்கன வந்துருண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு வாக்கியத்தை மூன்று வருடமாக நிரந்தர வைப்பில் போட்டு வைத்திருந்தேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதை ஒரு கொள்கையாக வெளியே சொல்வதுண்டு. அந்தக் கொள்கையை எதிர்க்க ஒருத்தியும் முன்வரவில்லை என்பதுதான் குறை. அம்மா போன பிறகு வீட்டில் என்னோடு பேசுவது பிரஷர் குக்கர் மட்டுமே. மீன் வாங்கப் போனாலும் வம்பு. கூறு போட்டு வைத்திருப்பது ஒரு குடும்பத்துக்கு. பாதிக் கூறு கேட்டால், மீன்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மீதியத் திரும்பக் கடல்ல விடவா?” என்பாள். முழுக் கூறும் வாங்கி, நாலு நாள் அதே குழம்பைச் சுட வைத்துச் சாப்பிடுவேன்.

எனவே, மொத்தமாகவே முடித்துவிடும்மா என்றேன். அவள் தட்டினாள். கம்ப்யூட்டர் மாட்டேன் என்றது. கிடங்குக் கணக்கில் ஒரு பிறந்த தேதி, ஆதாரில் இன்னொரு பிறந்த தேதி. இரண்டுக்கும் ஆறு நாள் வித்தியாசம். அதைப் பொறுத்தவரை நான் இரண்டு ஆட்கள். சேர்ப்பதோ முடிப்பதோ, முதலில் ஒரே ஆளாகி வாருங்கள் என்றாள். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அது ஒன்றும் கெட்ட செய்தியாகப் படவில்லை. என்னைவிட ஆறு நாள் இளையவன் ஒருவன், என் பெயரிலேயே, இத்தனை காலம் கூடவே இருந்திருக்கிறான்.

ஞானஸ்நானச் சான்றுக்காகக் கோயிலுக்குப் போனேன். கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் பழைய பதிவேட்டைப் புரட்டினார். பிறந்தது ஒரு திங்கட்கிழமை. தலையில் தண்ணீர் ஊற்றியது அந்த வாரத்து ஞாயிறு. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அப்பா ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்திருக்கிறார். கிடங்கு அதையே பிடித்துக்கொண்டது. ஆதார் எடுக்க வந்தவர்களிடம் அம்மா திங்கட்கிழமையைச் சொல்லியிருக்கிறாள்.

“உங்க அப்பா மட்டுமில்ல அண்ணாச்சி. பள்ளிக்கூடத்துக் கணக்குப்படி பாத்தா, உங்க தெருவுல ஒருத்தன்கூட வார நாள்ல பொறக்கல. பூராவும் ஞாயித்துக்கெழமப் பொறப்புதான்” என்றார் உபதேசியார்.

காரணத்தை அவரே சொன்னார். வாரம் முழுக்க ஆண்கள் கடலில். ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை. கரையில் இருப்பதும் கோயிலுக்கு வருவதும் அன்றைக்குத்தான். பிள்ளை பிறந்த நாள் அம்மாக்களுக்குத் தெரியும். அப்பாக்களுக்குத் தெரிந்தது, பிள்ளையை முதன்முதலாகக் கையில் ஏந்திய நாள். ஹெட்மாஸ்டர் கேட்டபோது, தான் கூட இருந்த நாளைத்தான் அப்பா சொல்லியிருக்கிறார். பொய்யென்று எப்படிச் சொல்வது? உபதேசியார் முத்திரை குத்திக் கொடுக்கும்வரை கொடிமரத்தடியில் நின்றேன். யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. போனை எடுத்து, சொல்ல ஆள் யோசித்து, திரும்பப் பைக்குள் வைத்தேன்.

அடுத்தது, சான்றைக் காட்டிக் கிடங்கில் கையெழுத்து வாங்குவது. கிடங்கு இருந்தது, என்னை ஞாபகம் வைத்திருந்தவர் எவரும் இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு ஞாபகம் அவசியமில்லை என்பது அரசு அலுவலகங்களின் பெருந்தன்மை. சில மாதம் இழுத்தடித்து, ஒருநாள் கம்ப்யூட்டர் என்னை ஒரே ஆளாக ஒப்புக்கொண்டது. இளையவன் போய்விட்டான்.

அன்றைக்கே தங்கைக்குப் போன் போட்டேன். அவளுக்கு அங்கே காலை நேரம், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“ஏளா, கொஞ்சம் பணம் வருது. அங்கன வரலாம்னு பாக்கேன்.”

“நெசமாவா? வாண்ணே, வா. பிள்ளையளும் கேட்டுக்கிட்டே இருக்குதுவ. எப்பம் வார?”

அவள் குரலில் இருந்தது அசல் சந்தோஷம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிரித்துக்கொண்டே, இருக்கிற பணம் போவதற்கு மட்டும்தான் தேறும் என்றேன். அந்தப் பக்கம் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

“அதுக்கென்னண்ணே. ரிட்டன் டிக்கெட்ட நான் போட்டுத் தாரேன்.”

அன்பாகத்தான் சொன்னாள். கஞ்சத்தனம் பண்ணியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். குழந்தைகளின் பரீட்சை, மாப்பிள்ளையின் இரவு ஷிப்ட், வீட்டில் இருப்பதே இரண்டு அறை என்று அவள் மேலே சொன்னவற்றுக்கெல்லாம் ஆமாமா என்றேன். பார்ப்போம் என்று இருவருமே சொன்னோம்.

மறுநாள் சென்டருக்குப் போய், சேர்த்துவிடும்மா என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. நாமினி யார் என்று மட்டும் கேட்டாள். தங்கை பெயரைச் சொன்னேன். உறவு என்ற இடத்தில் அவள் ‘தங்கை’ என்று அடித்து முடிக்கும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்தெட்டு தாண்டியது. மாதாமாதம் வருகிறது, மீன் கூறுக்குப் போதும். ஆனால் அரசாங்கம் சும்மா கொடுப்பதில்லை. வருடத்துக்கு ஒருமுறை, உயிரோடு இருப்பதை சென்டருக்குப் போய் நேரில் காட்ட வேண்டும். முதல் தடவை ஒழுங்காகப் போய்க் காட்டிவிட்டேன். இந்த வருடம் மழை பிடித்துக்கொண்டு, தெருவெல்லாம் தண்ணீர். எனக்குக் காய்ச்சல். ஒரு வாரமாகப் படுக்கையில் கிடந்தேன். கதவை ஒருவரும் தட்டவில்லை; தட்டுவதற்கு ஒருவருக்கும் காரணம் இல்லை. அப்போது போன் அடித்தது. சென்டர் பெண்.

“அண்ணாச்சி, வருசம் முடியப்போவுது, ஒங்களக் காணோமே. இருக்கியளா?”

அவளுக்கு என்னைப்போல நூறு கிழங்கள். ஆளுக்கு ஒரு சிறு கட்டணம். பட்டியலைப் பார்த்து வரிசையாகக் கூப்பிடுகிறாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் எழுந்து உட்கார்ந்துதான் பதில் சொன்னேன்.

“இருக்கேம்மா.”

“போன்ல சொன்னா செல்லாது. இங்கன வந்து சொல்லணும்.”

சவரம் செய்துகொண்டேன். தேய்த்த சட்டை ஒன்றைத் தேடிப் போட்டேன். தண்ணீரில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவள் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“இளைச்சுப்போனியளே” என்றாள். பிறகு, “சிரிக்காதீய அண்ணாச்சி, மெஷின் எடுக்காது. கண்ண மட்டும் மூடித் தொறங்க.”

மூடித் திறந்தேன். திரையில் பச்சை வந்தது. அவள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, அடுத்தது யார் என்று கேட்டாள்.