அக்கா தேர்ந்தெடுத்த இரண்டு குச்சிகள்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அக்காவின் கையால் சாப்பிட்டவர்கள். சிலர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். இரண்டையும் அதிகமாகப் பெற்றவன் நான் என்பதால்தான் எழுதும் பொறுப்பை மாமா என்னிடம் கொடுத்தார். மாமா என்று நான் சொல்வது அக்காவின் கணவரை.

அக்கா பிறந்தது தா.பழூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். எங்களுக்கென்று நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவு நட்டு, அறுப்பு அறுத்து எங்களை வளர்த்தார்கள். அம்மா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினைந்து. ஐந்தாம் வகுப்போடு நின்றிருந்த அக்கா, அம்மாவின் இடத்தில் நடவுக்குப் போனார். என்னை மட்டும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். ஒரு நாள் நான் மட்டம் போட்டுவிட்டு வாய்க்காலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா நட்டுக்கொண்டிருந்த வயலிலிருந்து ஏறி வந்து, சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வகுப்பில் உட்கார வைத்தார். முதுகில் பதிந்திருந்த ஐந்து விரல் சேற்றை வாத்தியார் உட்பட எல்லோரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நான் மட்டம் போட்டதில்லை.

செந்துறை பக்கம் வாழ்க்கைப்பட்டார். மாமாவுக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. ஒரே மகள். நான் அரியலூரில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்து, வாரக் கடைசியில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன்.

பெரம்பலூர் தனி மாவட்டமான சமயத்தில்தான் அக்கா வான்கோழி வளர்க்கத் தொடங்கினார். ஆட்டுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் கால்நடை மருத்துவமனை டாக்டரம்மா யோசனை சொல்லியிருக்கிறார். பத்துக் குஞ்சுகள் வந்து இறங்கின. மொட்டைத் தலையையும் தொங்கும் சிவப்புத் தாடையையும் பார்த்து ஊரே சிரித்தது. அக்கா கவலைப்படவில்லை. வீட்டுக்குப் பின்னால் முந்திரித் தோப்பு. பூச்சியைத் தின்றால் நல்லதுதானே என்று தோப்புக்காரர் மேய்ச்சலுக்கு விட்டார். சாயங்காலம் அக்கா தோப்பின் ஓரத்தில் நின்று "பா... பா... பா..." என்று ஒரு குரல் கொடுப்பார். எங்கே இருந்தாலும் அத்தனையும் குடுகுடுவென்று ஓடி வந்து பட்டியில் அடையும். அந்தக் குரல் பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்கும். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அக்கா வீட்டில்தான் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்களே, அந்தக் காலத்தில் அக்காவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. முதலில் நெல்லிக்காய் அளவு. பிறகு எலுமிச்சை அளவு. திருச்சிக்குக் கூட்டிப் போனோம். அறுத்து எடுத்து, சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும் வரைக்கும் மாமா சாப்பாட்டுத் தட்டைத் தொட்டுத் தொட்டு வைத்தார். நான் பட்டறையில் ஒரு வேலையைக்கூட உருப்படியாகச் செய்யவில்லை. கடைசியில் பெரிய டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படுற மாதிரி ஒண்ணுமில்ல. சாதாரணக் கட்டிதான்" என்றார். மாமா அப்படியே வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆனால் அக்காவின் குரல் போய்விட்டிருந்தது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. காதை வாயருகே கொண்டுபோனால்தான் என்ன சொல்கிறார் என்று புரியும். நரம்பு தளர்ந்திருக்கிறது, ஆறு மாதத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்கள்.

இங்கே நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு வான்கோழிகளை நான்தான் பார்த்துக்கொண்டேன். என் குரலுக்கு ஒன்றும் வரவில்லை. கத்தக் கத்தத் தோப்புக்குள் ஓடின. மரக்கிளையில் ஏறி உட்கார்ந்துகொண்டன. ஆறு பறவைகள் நாய்க்கும் நரிக்கும் போயின. மீதி முப்பது. இனிமேல் அக்காவால் இவற்றைக் கூப்பிடவே முடியாது என்று நானாக முடிவு செய்து, கிறிஸ்துமஸுக்குப் பறவை பிடிக்க வந்த ஒரு வியாபாரியிடம் மொத்தத்தையும் தருவதாகச் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை கூண்டோடு வருவதாகப் பேச்சு. அக்காவிடம் கேட்கவில்லை. மாமாவிடமும் கேட்கவில்லை.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் சொன்னேன். அக்கா என் காதைப் பிடித்துக் கீழே இழுத்தார். காற்றாக வந்த அந்தச் சொற்கள் இன்றும் எனக்குள் இருக்கின்றன.

"நான் செத்தாடா போயிட்டேன்?"

அதற்கப்புறம் இரண்டு நாள் என்னைப் பார்க்கவே இல்லை.

அந்த வாரம் டாக்டரம்மா அக்காவைப் பார்க்க வந்தார். கையில் ஒரு காகிதப் பை. அமெரிக்காவில் இருக்கும் அவருடைய அண்ணன் கொண்டுவந்து கொடுத்த ஒரு பொருள் அதில் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் வட்டமான மரக்கிண்ணம். மேலே மூடி மாதிரி சிலேட்டுக்கல் பதித்திருந்தது. அடியில் சின்னச் சின்னத் துளைகள்.

"இந்தக் கல்லு மேல ஒரு குச்சிய வச்சுத் தேய்ச்சா பெட்ட வான்கோழி கத்துற மாதிரியே கேக்கும். ஆனா கூட வந்த குச்சி ஒடைஞ்சு போச்சு. வேற எதாவது வச்சுப் பாருங்க" என்றார்.

"அந்த ஊர்லயும் பட்டியில அடைக்கத்தான் கூப்புடுறாங்களா?" என்று மாமா கேட்டார்.

டாக்டரம்மா தயங்கினார். "இல்லீங்க. காட்டு வான்கோழிய ஏமாத்தி வரவச்சு, சுடுறதுக்கு."

அக்கா அந்தக் கிண்ணத்தைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு நாளுக்குப் பிறகு முதல் முறையாக. குச்சி செய்து வா என்று அர்த்தம்.

சாப்பாட்டு நேரத்தில் பட்டறையில் உட்கார்ந்து லேத்தில் கடைந்தேன். வேம்பு, தேக்கு, முந்திரி, பூவரசு, புளி என்று கிடைத்த மரத்திலெல்லாம் ஒரு சாண் நீளத்துக்கு, நுனி கொஞ்சம் உருண்டையாக. மாமாவின் உடைந்த மண்வெட்டிக் காம்பு நல்ல வைரம் பாய்ந்த கருவேல மரம். அதிலும் ஒன்று. மூங்கிலில் ஒன்று கத்தியால் சீவினேன். ஏழு குச்சிகளோடு சனிக்கிழமை போய் இறங்கினேன்.

முதலில் எந்தக் குச்சியிலும் சத்தமே வரவில்லை. கல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காதான் தன் விரலை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். தலைக்கு எண்ணெய் தடவிய கை. கையைச் சீயக்காய் போட்டுக் கழுவினார். கல்லைத் துடைத்து வெயிலில் வைத்தார். உப்புத்தாளால் கல்லையும் குச்சி நுனியையும் லேசாகச் சொரசொரப்பாக்கினார். பேனாவைப் பிடிப்பதுபோல் குச்சியைச் சாய்த்துப் பிடித்து, சின்னதாக ஒரு வட்டம் இழுத்தார்.

"கியாவ்!"

மாமா திடுக்கென்று நிமிர்ந்து பட்டியைத் திரும்பிப் பார்த்தார். பெட்டைதான் கத்தியது என்று நினைத்துவிட்டார்.

ஒரே கல்லில் ஒவ்வொரு மரமும் ஒரு குரல் பேசியது. முந்திரி ஊமை. வேம்பு சளி பிடித்தவன் மாதிரி முனகியது. தேக்கு கரகரத்தது. மூங்கில் கீச்சென்று பல்லைக் கூசவைத்தது. புளிக்குச்சி கணீரென்று கேட்டது. எனக்குப் பிடித்தது அதுதான்.

"இதான்க்கா. இத வச்சுக்க" என்றேன்.

அக்கா தலையை ஆட்டி மறுத்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காதில் சொன்னார். "ஒன் காதுக்கா கூப்புடப் போறேன்? அதுங்க கழுத்தப் பாரு."

அதற்குப் பிறகுதான் நான் பறவைகளைக் கவனித்தேன். புளிக்குச்சிக்கு ஒன்றிரண்டு திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி கொத்தத் தொடங்கின. கருவேலக் குச்சிக்கு அத்தனை கழுத்தும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தது. ஆனால் அதே குச்சியைக் கிட்டத்தில் இருக்கும்போது தேய்த்தால் மிரண்டு பின்வாங்கின. அப்போது அக்கா பூவரசுக்குச்சியை எடுத்து மெல்ல இழுத்தார். குஞ்சைக் கூப்பிடும் தாய்க்கோழியின் கொஞ்சல் மாதிரி அடித்தொண்டைச் சத்தம். பெட்டைகள் ஒவ்வொன்றாக அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. தூரத்துக்குக் கருவேலம், கிட்டத்துக்குப் பூவரசு. மற்ற ஐந்தையும் அடுப்பில் போடச் சொன்னார். தினமும் தீனி வைக்கும்போது அந்த இரண்டையும் தேய்த்துப் பழக்கினார்.

வியாபாரி வரவேண்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் மத்தியானம், ரோட்டுப் பக்கமிருந்து நான்கைந்து நாய்கள் பட்டிக்குள் பாய்ந்தன. வேலி சாய்ந்தது. நான் கம்பை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் முப்பதும் சிதறித் தோப்புக்குள் பறந்துவிட்டன. மாமா ஷிப்டில் இருந்தார். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. நாய்களைத் துரத்திவிட்டு, நான் தோப்பெல்லாம் கத்திக்கொண்டு ஓடினேன். ஒரு சிறகுகூடக் கண்ணில் படவில்லை. ஆறு பறவை போனதற்கே என்னால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போது முப்பதும் போய்விட்டால்?

அக்கா பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினார். உதட்டில் விரலை வைத்தார். ஒரு முந்திரி மரத்தடியில் உட்கார்ந்து, என்னையும் உட்கார வைத்தார். கழுத்துத் தையல் காய்ந்த தழும்பு அப்போதும் சிவப்பாகத்தான் இருந்தது.

கருவேலக் குச்சியை நான்கு முறை இழுத்தார். நிறுத்தினார். காத்திருந்தார். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். மறுபடி நான்கு முறை. மறுபடி மௌனம்.

தூரத்தில், ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெட்டை பதில் சொன்னது.

அக்கா அவசரப்படவில்லை. அது கேட்டதற்குப் பதிலாக ஒரு முறை, அது நிறுத்தினால் இன்னொரு முறை. சருகு மிதிபடும் சத்தம் கிட்டத்தில் வந்ததும் குச்சியை மாற்றிப் பூவரசைப் பிடித்தார். புதருக்குள்ளிருந்து முதலில் ஒரு தலை வந்தது. பிறகு மூன்று. பிறகு எண்ண முடியவில்லை. தூறல் விழுந்தது. கல் நனைந்தால் ஊமையாகிவிடும் என்று முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து, அதற்குள்ளேயே தேய்த்துக்கொண்டு எழுந்து நடந்தார். பறவைகள் அவர் பின்னால் நடந்தன. கடைசியில் நான் நடந்தேன். பட்டியில் எண்ணினேன். இருபத்தேழு.

மறுநாள் விடிந்ததும் அக்கா தோப்போரம் நின்று மறுபடி தேய்த்தார். மீதி மூன்றும் ஒரே மரத்திலிருந்து இறங்கி, எதுவுமே நடக்காதது மாதிரி சாவகாசமாக நடந்து வந்தன. அக்கா என் தோளில் கை வைத்து அழுத்தினார். நான் அழுதுவிட்டேன்.

எட்டு மணிக்கு வியாபாரி வண்டியில் கூண்டோடு வந்தார். அக்கா வாசலுக்கு வரவில்லை. நானே போனேன்.

"விக்கலீங்க. நான் கேக்காமச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கங்க."

"என்னப்பா, வெளயாட்டா இருக்கா ஒனக்கு? பெட்ரோலப் போட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கேன்!" என்று அவர் சத்தம் போட்டார். நியாயமான கோபம். இரண்டு கூடை முட்டை கொடுத்து அனுப்பினோம்.

ஏழாவது மாதத்தில் குரல் திரும்பியது. கொஞ்சம் கொஞ்சமாக வந்து, ஒரு நாள் முழுசாக வந்துவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது "டேய், நடந்து வராம அங்க என்னடா நின்னு பேசிக்கிட்டிருக்க?" என்று ஓர் அதட்டல் கேட்டது. என்னோடு பேசிக்கொண்டிருந்தவரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வேடிக்கை என்னவென்றால், அன்று சாயங்காலம் அக்கா பழையபடி "பா... பா..." என்று கூப்பிட்டபோது புதிதாகப் பொரித்த குஞ்சுகள் மிரண்டு ஓடின. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

அதன் பிறகு நல்ல வருடங்கள். மகளை நர்ஸ் படிப்பு படிக்க வைத்தார். ஓட்டு வீடு மச்சு வீடானது. கேட்டு வந்த பெண்களுக்கெல்லாம் முட்டையும் குஞ்சும் கொடுத்து, பக்கத்திலேயே இருந்து வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு முதலில் போய் நிற்பார். போன இடத்தில் வாயும் சும்மா இருக்காது, வீடு கூட்டாமல் கிடப்பதைச் சொல்லிவிட்டுத்தான் வருவார்.

வியாபாரி விஷயத்தை அக்கா அதற்குப் பிறகு ஒரு முறைகூடச் சொல்லிக் காட்டவில்லை. நானும் பேசவில்லை. போன வருடம், அவர் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் வாயைத் திறந்தேன்.

"அக்கா, அன்னைக்கு ஒன்னக் கேக்காம பேசி முடிச்சேன் பாரு..."

அக்கா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வந்தவன நீயேதான திருப்பி அனுப்புன? அன்னைக்கே தீந்துபோச்சு. இத்தன வருசமா அதத் தூக்கிக்கிட்டா திரிஞ்ச? கிறுக்குப் பயலே."

அன்று நான் லேசான மனதோடு பஸ் ஏறினேன். சொல்லிவிட்டேன் என்பதும், அவர் கேட்டுவிட்டார் என்பதும் இன்று எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை.

ஒரு காலையில் நெஞ்சு அடைப்பதாகச் சொன்னார். காரில் அரியலூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பக்கத்தில் மகள்தான் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். "வலி இல்ல மாமா. பேசிக்கிட்டே வந்துச்சு. தண்ணி பிடிச்சு வைக்கலன்னு சொல்லுச்சு. அப்படியே கண்ண மூடிருச்சு" என்று அவள் என்னிடம் சொன்னபோது, துக்கத்துக்கு நடுவிலும் எங்கள் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. கழுத்துக் கட்டியின் நாட்களில் நாங்கள் பயந்த சாவு அவருக்கு வரவில்லை.

அக்காவுக்குச் சிகிச்சை செய்த மருத்துவர்களுக்கும், டாக்டரம்மாவுக்கும், மேய்ச்சலுக்கு இடம் கொடுத்த தோப்புக்காரருக்கும், காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவருக்கும், காரியத்துக்குத் தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. பெயர் தெரியாத ஒரு நன்றியும் பாக்கி இருக்கிறது. அக்காவை எடுத்த அன்று எங்களில் யாருக்கும் வான்கோழிகளின் நினைவே இல்லை. மறுநாள் காலையில்தான் மாமா திடுக்கிட்டு எழுந்தார். பதறிக்கொண்டு இருவரும் கொல்லைக்கு ஓடினோம். யாரோ தண்ணீர் வைத்து, தீனி போட்டு, பட்டியைச் சாத்தி, கயிற்றால் கட்டியிருந்தார்கள். நான் எண்ணிப் பார்த்தேன். எல்லாம் உள்ளே இருந்தன.