நெய்யூர் மாமாவை நடக்க வைத்த கதை

படிப்பை முடித்துச் சென்னையிலிருந்து எங்கள் ஊரான கொட்டாரத்துக்குத் திரும்பிய அன்று, நான் செய்யப்போகும் தொழிலை அப்பாவுக்கு விளக்கி முடிப்பதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. களிமண்ணில் பொம்மை செய்து மேசையில் நிறுத்த வேண்டும். அதன் கையை ஒரு நூலளவு நகர்த்திப் படம் எடுக்க வேண்டும். இன்னொரு நூலளவு நகர்த்தி இன்னொரு படம். அத்தனை படங்களையும் வேகமாக ஓட்டினால் பொம்மை கையசைக்கும். இதை ஊராருக்குச் செய்துகொடுத்துப் பிழைத்துக்கொள்வேன் என்றேன். அப்பா பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே இருப்பவர் டிக்கெட் எடுக்கவில்லை என்ற சந்தேகத்தோடுதான் இன்றும் யாரையும் பார்ப்பார். பெற்ற மகளையும் அப்படித்தான் பார்த்தார்.

“உனக்கு மேலதிகாரி யாரு?”

“யாரும் இல்லப்பா. ஃப்ரீலான்ஸ்.”

“கையெழுத்து எங்க போடுவ?”

“போட வேண்டாம்.”

“அப்பம் நீ வேலைக்கு வந்தியா வரல்லியான்னு எவனுக்குத் தெரியும்?”

தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தேன்.

கடைசியில் அப்பா ஒரு நிபந்தனை வைத்தார். நாகர்கோவிலில் வங்கித் தேர்வுப் பயிற்சி வகுப்பு ஒன்று உண்டு. அதில் புது பேட்ச் தொடங்குவதற்குள், வெளியாள் ஒருவர் என்னிடம் வேலை கொடுத்து, வாங்கிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று அப்பா காதுபடச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நான் வாய் பேசாமல் பஸ் ஏறிவிட வேண்டும். சரி என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். எனக்கும் கணக்குக்கும் சின்ன வயதிலிருந்தே ஆகாது. பொம்மையை விட்டால் வேறு எதிலும் ஆசையும் இல்லை.

மாடியில் தேங்காய் போட்டுவைக்கும் அறையைக் காலி செய்து ஸ்டுடியோ ஆக்கினேன். அந்த அறையில் ஃபேன் போடக் கூடாது. காகிதத்தில் செய்த மரங்கள் எல்லாம் பறந்துவிடும். ஜன்னலைத் திறக்கக் கூடாது; வெளிச்சம் மாறிவிடும். இரண்டும் இல்லாமல் களிமண் இளகும், நானும் இளகுவேன். இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது அம்மா. ஒரு பொம்மை குனிந்து பூப்பறிக்கும் காட்சியை ஒரு நாள் முழுக்க எடுத்துவிட்டு, சாப்பிடக் கீழே போனேன். திரும்பி வந்து மிச்சத்தை எடுத்து ஓட்டிப் பார்த்தால், பாதி குனிந்த பொம்மை திடீரென்று போலீஸ்காரரைக் கண்டதுபோல விறைத்து நிற்கிறது.

“நாந்தான் நிமித்தி வச்சேன். பாவம், விழப்போற மாதிரி நின்னுது,” என்றாள் அம்மா. அப்படியே அறையைப் பெருக்கியும் வைத்திருந்தாள்.

முதல் வாடிக்கையாளர் பக்கத்துத் தெருவிலிருந்தே வந்தார். எங்கள் சர்ச் சபையைச் சேர்ந்த அக்கா ஒருத்தி. திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை. தன் கல்யாண அழைப்பைப் பொம்மைப் படமாகச் செய்து போனில் அனுப்ப ஆசைப்பட்டாள். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு குடைக்குள் நடந்து வருவார்கள், சர்ச்சுக் கோயில் மணி அடிக்கும், தேதி தெரியும், அவ்வளவுதான். இரண்டே பொம்மை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் அக்காவின் அப்பா வந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாக நடந்து வந்தால் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டதாக ஊர் பேசும், பெற்றவர்களும் கூட வரட்டும் என்றார். அது நியாயமாகப் பட்டது. பெற்றவர்கள் வந்ததும் குவைத் சித்தப்பா வராமல் இருப்பாரா? அவர் கூலிங் கிளாஸ் போட்ட தன் போட்டோவைத் தானே அனுப்பிவைத்தார். மாப்பிள்ளையின் அத்தை தன் பொம்மைக்குக் கொஞ்சம் வெளுப்பான களிமண்ணாகப் போடச் சொன்னாள். கல்யாணக் கார்டில் பெயர் வருகிற அத்தனை பேரும் என் மேசைக்கு வந்துசேர்ந்தார்கள். கடைசியாக அக்காவின் அம்மா படி ஏறி வந்து, “எங்க அண்ணன் இல்லாம என்ன கல்யாணம் மக்கா?” என்று கண்ணைத் துடைத்தாள். அண்ணன் என்றால் பெண்ணின் தாய்மாமா, நெய்யூர்க்காரர்.

மாமாவையும் செய்தேன். ஆனால் அவர் வேட்டி கட்டுகிற ஆள். பேன்ட் போட்ட பொம்மைக்கு உள்ளே கம்பி வைத்துக் காலை மடக்கி நடக்க வைத்துவிடலாம். வேட்டி கட்டிய பொம்மையை நடக்க வைப்பதைவிடப் பேச்சிப்பாறை அணையை நடக்க வைப்பது சுலபம். பேட்ச் தொடங்கும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. அதனால் மாமாவைக் கோயில் வாசலில் ஓரமாக நிறுத்திவிட்டு மற்றவர்களை மட்டும் நடக்க விட்டேன். யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு தைரியம்.

படம் முடிந்தது. அக்காவுக்கு அனுப்பினேன். அம்மா பார்க்க ஆசைப்பட்டதால் அவளுக்கும் அனுப்பினேன். அம்மா அதைப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள், கண் கலங்கினாள். கலங்கின கண்ணோடு ‘என் மகள் செய்தது’ என்று எழுதி, சபைப் பெண்கள் குரூப்பில் போட்டுவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு அழைக்க ஒரு முறை இருக்கிறது. கார்டு அச்சாகி வந்ததும் முதல் அழைப்பு தாய்மாமன் வீட்டுக்குத்தான். பெண்ணைப் பெற்றவர்கள் நேரில் போய், உட்கார்ந்து, ஜெபம் பண்ணி, கார்டைக் கையில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு. அக்கா வீட்டில் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நெய்யூருக்குப் போவதாக இருந்தார்கள். எங்கள் சபைப் பெண்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது? படம் அன்று மத்தியானமே நெய்யூர் சபைப் பெண்கள் குரூப்புக்குப் போய்விட்டது. மாமா சோறு உண்டுகொண்டிருக்கையில் மாமி போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறாள். மாமா பாதிச் சோற்றில் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாராம்.

சாயங்காலம் அக்காவின் அப்பா எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று கத்தினார். அவர் கத்தியதில் நியாயம் இருந்ததால் எங்களால் திருப்பிக் கத்த முடியவில்லை. அம்மா அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். “எங்க அண்ணன் வரல்லன்னா நான் கோயில் நடை ஏறமாட்டேன்னு எனக்க வீட்டுக்காரி சொல்லுகா. எனக்க மவ கல்யாணத்த உங்க பொம்மை நிறுத்திரும் போலிருக்கு!” என்றார் அவர். வாடிக்கையாளர் திருப்தியின் லட்சணம் இது. அப்பா என்னைப் பார்த்தார். எந்த ஸ்டாப்பில் இறக்கிவிடலாம் என்று யோசிப்பது தெரிந்தது.

மறுநாள் எல்லோரும் நெய்யூருக்குப் போனோம். அக்காவைப் பெற்றவர்கள், மன்னிப்புக் கேட்க நான், நான் ஒழுங்காகக் கேட்கிறேனா என்று பரிசோதிக்க அப்பா. மாமா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஓடாத டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“அத்தான், கார்டு கொண்டு வந்திருக்கோம்,” என்றார் அக்காவின் அப்பா.

“எனக்கு எதுக்கு? எனக்க பொம்மையைத்தான் ஏற்கெனவே கூப்பிட்டாச்சே. அதுவே வந்து கல்யாணத்த நடத்தட்டும்.”

அக்காவின் அம்மா அழத் தொடங்கினாள். நானும் அழுதேன். எனக்கு அழ இரண்டு காரணங்கள் இருந்தன. அதில் ஒன்று வங்கித் தேர்வு. தங்கை அழுவதைக் கேட்டு மாமாவின் முதுகு கொஞ்சம் இளகியது. மாமி ஜாடை காட்ட, அக்காவின் அப்பா கார்டை அவர் மடியில் வைத்தார். மாமா அதைத் தள்ளவில்லை. ஜெபம் நடந்தது. எல்லோரும் மூச்சுவிட்ட நேரத்தில் மாமா என் பக்கம் திரும்பினார்.

“ஏட்டி, ஒண்ணு கேக்கேன். அந்தப் படத்துல எல்லாவனும் நடக்கான். குவைத்துக்காரன் கண்ணாடியக் கழத்திக் கழத்தி மாட்டுகான். நான் மட்டும் எதுக்கு நட்டுவச்ச போஸ்ட் மரம் மாதிரி நிக்கேன்? எனக்கு என்ன வாதமா?”

நான் வேட்டியின் சிக்கல்களை விளக்க வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “நடப்பீங்க. எனக்க மவ நடக்க வச்சிருவா. இந்த வாரத்துக்குள்ள.”

அப்பாவின் குரல்தான். எனக்கே நம்பிக்கை இல்லை, அவருக்கும் இருந்திருக்க முடியாது. அத்தனை பேர் முன்னால் மகளை ஒருவர் குறை சொன்னது பொறுக்காமல் வாய் முந்திக்கொண்டது. திரும்பும் பஸ்ஸில் கொட்டாரம் நெருங்கும்போது குரலைத் தாழ்த்தி, “நடக்கும்லா?” என்று கேட்டார்.

மறுநாள் காலை அப்பாவையே மொட்டைமாடியில் நடக்க விட்டேன். மாமாவின் வயது, மாமாவின் தொப்பை, மாமாவைப் போலவே வேட்டி நுனியை ஒரு கையில் தூக்கிப் பிடிக்கிற பழக்கம். ஒரு தடவைதான் நடப்பேன் என்று சொல்லி ஏறியவர், போனில் எடுத்ததைப் போட்டுக்காட்டியதும் தன் நடை தனக்கே பிடிக்காமல் மறுபடி நடந்தார். பிறகு பக்கவாட்டில். பிறகு முதுகு காட்டி. எதிர்வீட்டுக்காரர் துணி காயப்போட வந்தவர், “சாருக்கு சுகரா?” என்று அக்கறையோடு விசாரித்தார். அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கம்பீரமாகத் திரும்பி நடந்தார்.

அதைப் பார்த்துப் பார்த்துத்தான் வேட்டி நடையின் சூட்சுமம் எனக்கு விளங்கியது. காலைத் தேட வேண்டாம். வேட்டியின் மடிப்பு ஒரு பக்கம் இழுபட்டு மறுபக்கம் தளர்ந்தால் போதும், உள்ளே கால் இருப்பதாகக் கண் நம்பிவிடும். களிமண் வேட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய வேட்டித்துணியில் மெல்லிய கம்பி கோத்துத் தைத்தேன். நான் படமெடுத்த நாட்களில் அப்பா மாடிப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அம்மாவைத் துடைப்பத்தோடு மேலே ஏறவிடாமல் தடுத்தார். “டிக்கெட் இல்லாம ஏறப்பிடாது,” என்பது அவள் கேட்ட ஒவ்வொரு தடவையும் கிடைத்த பதில்.

சனிக்கிழமை படத்தை யாருக்கும் அனுப்பாமல், நானும் அப்பாவும் போனைக் கையில் கொண்டு நெய்யூருக்குப் போனோம். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். படத்தில் கோயில் வாசலில் வேட்டி நுனியைப் பிடித்தபடி பொம்மை மாமா நடந்து வந்து குடையை வாங்கிப் பெண்ணுக்குப் பிடித்தார். நிஜ மாமா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.

“நல்லா இருக்கு மக்கா. நடை அச்சு அசல் நாந்தான்,” என்றார். பிறகு, “வயிறுதான் கொஞ்சம் கூடிப்போச்சு,” என்றார்.

அந்த வயிற்றின் சொந்தக்காரர் என் பக்கத்தில் இருமினார். ஆனால் அப்பா நிபந்தனை வைத்தபடியே, நல்லா இருக்கு என்றது அவர் காதிலும் விழுந்தது. அதைப் பற்றி அப்பா ஏதாவது சொல்வார் என்று பஸ்ஸில் காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காத்திருந்தேன். வாய்விட்டுக் கேட்க எனக்கும் வீம்பு. திங்கட்கிழமைதான் புது பேட்ச். காலையில் பையில் பேனாவும் தண்ணீர் பாட்டிலும் எடுத்து வைத்தேன். மேசை விளக்கை அணைத்துவிட்டு வருவோம் என்று மாடிக்கு ஏறினேன்.

அறை நடுவில் பாய் விரித்திருந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

“பையக் கீழ வை. நெய்யூர்லருந்து போன் வந்துது. மாமாவுக்க பேரனுக்கு முதல் பிறந்தநாளாம். பொம்மைப் பிள்ளை தவழ்ந்து வந்து கேக்கைத் தொடணுமாம்.”

“அப்பம் வகுப்பு?”

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, ஒரு முழங்காலையும் பிறகு அடுத்த முழங்காலையும் பாயில் ஊன்றி, இரண்டு கைகளையும் முன்னால் வைத்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன; போனைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

“பாத்துக்கிட்டு நிக்காத மக்கா, எடு. முட்டு வலிக்கி. ரெண்டு தடவைக்கு மேல என்னால தவழ முடியாது.”